படிக்கட்டுக் குரங்கிடம் பட்ட கடன்

பத்துமலைக்கு விடியற்காலையில் போவதுதான் என் பழக்கம். வெயில் ஏறிவிட்டால் முழங்கால் ஒத்துழைக்காது. சுற்றுப்பயணிகள் கூட்டமும் சேர்ந்துவிடும். சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, கிள்ளானிலிருந்து வந்திருந்த என் தங்கை மகளோடு போனேன். அவளுக்கு 26 வயது. கணக்குத் தணிக்கை நிறுவனம் ஒன்றில் வேலை. அடுத்த வாரம் அவளுக்கு அறுவை சிகிச்சை. அதற்கு முன் முருகனைப் பார்த்துவிட்டு வரலாம் என்று அவள்தான் கேட்டாள்.

272 படிகளில் பாதிகூட ஏறியிருக்க மாட்டோம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். மூச்சு வாங்கவில்லை. அடிவயிற்றில் கையை அழுத்திக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்தாள். அது மாதவிலக்கு நாளும் இல்லை. அவளுக்கு இப்போதெல்லாம் வலி நாள் பார்த்து வருவதில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு பெண் குரங்கு வந்தது. வயிற்றில் குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. என் கையிலிருந்த அர்ச்சனைப் பையை ஒரே இழுப்பில் பறித்து, நாலு படி தள்ளிப் போய் உட்கார்ந்து, நிதானமாக வாழைப்பழத்தை உரித்தது. நான் அதை விரட்டப் போனேன். வலியிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"விடுங்க பெரியம்மா, சாப்பிடட்டும்" என்றவள், சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "இந்தக் குரங்குக்கும் நமக்கு வர்ற மாதிரி மாசா மாசம் வருமா?"

"கோயில் படியில உட்கார்ந்து கேக்குற கேள்வியா இது?" என்று அதட்டினேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. புரட்டிப் பார்த்தேன். பதில்: வரும். அது மட்டுமல்ல, என் தங்கை மகளுக்கு இருக்கும் அதே நோயும் அந்தக் குரங்குக்கு வரும்.

நான் சொன்ன ஒரு வார்த்தை

நோயின் பெயர் எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு, கருப்பைக்கு வெளியே, சினைப்பையிலும் குடல் மேலும் வயிற்றின் உட்சுவரிலும் ஒட்டி வளர்வது. மாதாமாதம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் அந்தத் திசுவையும் வளர்க்கிறது. சுற்றிலும் அழற்சி உண்டாகிறது, தழும்பு விழுகிறது, உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கி உருவாகும் கட்டியை 'சாக்லேட் கட்டி' என்று மருத்துவர்கள் சொல்வதைச் சிலர் கேட்டிருப்பீர்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண்களில் ஏறக்குறைய 10 விழுக்காட்டினருக்கு இது இருக்கிறது. சுமார் 19 கோடிப் பேர்.

என் தங்கை மகளுக்கு 13 வயதில் தொடங்கியது. இடைநிலைப் பள்ளியில் மாதம் இரண்டு நாள் விடுப்பு. பல்கலைக்கழகத்தில் தேர்வு மண்டபத்திலிருந்து பாதியில் எழுந்து வந்திருக்கிறாள். வேலைக்குப் போன பிறகு மாதாமாதம் கிளினிக், இரண்டு பனடோல், ஒரு நாள் எம்.சி. கடைசியில் அலுவலகக் கழிவறையில் மயங்கி விழுந்த பிறகுதான் ஸ்கேன் எடுத்தார்கள். இடது சினைப்பையில் ஆறு சென்டிமீட்டரில் ஒரு கட்டி.

இடையில் போன அந்தப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு நான் யாரையும் குறை சொல்ல முடியாது. அவள் ஃபாரம் ஒன் படிக்கும்போது, வலி தாங்காமல் என் மடியில் படுத்து அழுதபோது, "எல்லாப் பொம்பளைப் பிள்ளைங்களுக்கும் வர்றதுதான். கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்று சொன்னவள் நான்தான். என் அம்மா எனக்குச் சொன்னதை அப்படியே அவளிடம் இறக்கி வைத்தேன். அவள் என்னை நம்பினாள்.

எலிக்கு வராத நோய்

இந்த நோய்க்கு இன்றுவரை முழுமையான தீர்வு தரும் மருந்து இல்லை. இருப்பவை வலியைக் குறைக்கும், வளர்ச்சியை அடக்கும். நிறுத்தினால் பலருக்குத் திரும்பி வரும். ஏன் இவ்வளவு தாமதம்? பெண்களின் வலியை உலகம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது.

புதிய மருந்தை மனிதருக்குக் கொடுப்பதற்கு முன் விலங்குகளிடம் சோதிப்பது வழக்கம். பெரும்பாலும் எலி. ஆனால் எலிக்கு மாதவிலக்கு கிடையாது. மனிதர், வாலில்லாக் குரங்குகள், ஆசிய ஆப்பிரிக்கக் குரங்குகள், சில வௌவால்கள், யானைமூஞ்சூறு என்று ஒரு சில உயிர்களுக்கே அது உண்டு. முள் சுண்டெலி இனம் ஒன்றுக்கும் இருப்பதை ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் கண்டுபிடித்து வெளியிட்டதே 2017-ல்தான்.

மாதவிலக்கு இல்லாத உயிருக்கு இந்த நோய் தானாக வராது. காரணத்தை 1927-ல் ஜான் சாம்ப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் முன்வைத்தார். மாதவிலக்கு ரத்தத்தில் கொஞ்சம் சினைக்குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள் போகிறது, அதோடு போகும் திசு அங்கே ஒட்டி வளர்கிறது என்றார். பெரும்பாலான பெண்களுக்கு இப்படிப் பின்னோக்கிப் போகத்தான் செய்கிறது. பிறகு ஏன் பத்தில் ஒருவருக்கு மட்டும் நோயாகிறது என்பதுதான் இன்னும் அவிழாத முடிச்சு.

ஆகவே எலியிடம் ஆராய வேண்டுமானால் நோயை நாமே உண்டாக்க வேண்டும். 1985-ல் வெர்னன், வில்சன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு முறையை விவரித்தார்கள். எலியின் கருப்பையிலிருந்து சிறு துண்டுகளை வெட்டி, அதன் வயிற்றுக்குள்ளேயே தைத்துவிடுவது. அவை ஒட்டிப் பிடித்து நீர்க்கட்டிகளாக வளரும். பிறகு மருந்து கொடுத்து, கட்டி சுருங்குகிறதா என்று அளப்பது. இன்றும் பல ஆய்வுகள் இந்த வழியில்தான் நடக்கின்றன.

இதை அவளிடம் சொன்னபோது முகம் வாடிவிட்டது. அவள் பல்கலைக்கழகம் போன நாளிலிருந்து சைவம். "கட்டி எவ்வளவு சுருங்கிச்சுன்னு அளப்பாங்க. வலி குறைஞ்சுதான்னு எலிகிட்ட எப்படிக் கேப்பாங்க?" என்றாள்.

அவள் அறியாமல் கேட்டாலும், இந்தத் துறையின் மிகப் பெரிய சிக்கல் அதுதான். கட்டியின் அளவுக்கும் வலியின் அளவுக்கும் பல நேரம் தொடர்பே இருப்பதில்லை. சிறு புள்ளிகள் மட்டும் உள்ள பெண் துடிப்பாள், பெரிய கட்டி உள்ளவள் ஒன்றும் தெரியாமல் இருப்பாள்.

நம் படிக்கட்டுக் குரங்கு

இனி அந்தக் குரங்குக்கு வருவோம். பத்துமலையில் நம் தேங்காயையும் பழத்தையும் பறிப்பது நீண்டவால் குரங்கு. மலாயில் கெரா. இதற்கு ஏறத்தாழ நம்மைப் போலவே மாதச் சுழற்சி. எண்டோமெட்ரியோசிஸ் தானாகவே வருவதும் உண்டு. உலகெங்கும் மருந்து ஆய்வுக்கூடங்களில் அதிகம் பயன்படும் குரங்கினங்களில் இதுவும் ஒன்று.

2023 பிப்ரவரியில் ஜப்பானின் சுகாய் மருந்து நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். நோயுள்ள திசுவில் ஐ.எல்-8 என்ற புரதம் அழற்சியைத் தூண்டுவதைக் கவனித்து, அதைத் தடுக்கும் ஓர் எதிர்ப்பொருளை உருவாக்கினார்கள். ஏ.எம்.ஒய்.109 என்று பெயர். அறுவை மூலம் நோய் உண்டாக்கப்பட்ட நீண்டவால் குரங்குகளுக்கு அதை மாதம் ஒருமுறை ஊசியாகச் செலுத்தினார்கள். கட்டிகளின் அளவு குறைந்தது. தழும்பும் ஒட்டுதலும்கூடக் குறைந்தன. இப்போதுள்ள மருந்துகள் பெரும்பாலும் ஹார்மோனை அடக்குபவை. இது ஹார்மோனைத் தொடாமல் அழற்சியைக் குறிவைக்கிறது. பிள்ளை வேண்டும் என்று நினைக்கும் பெண்ணுக்கு அந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்று சொல்லத் தேவையில்லை. குரங்குகளைத் தாண்டி, மனிதர்களிடம் சோதிக்கும் கட்டத்துக்கும் அந்த மருந்து போயிருக்கிறது.

கொண்டாடிவிடவும் முடியாது. கென்யாவில் பபூன் குரங்குகளிடம் டி.என்.எஃப். என்ற இன்னொரு அழற்சிப் பொருளைத் தடுத்தபோது நோய்த்திசு குறைந்தது. நம்பிக்கை பிறந்தது. ஆனால் அதே வகை மருந்தான இன்ஃப்ளிக்சிமாபை பெல்ஜியத்தில் பெண்களுக்குக் கொடுத்து 2008-ல் முடிவை வெளியிட்டபோது, வெற்று மருந்து பெற்றவர்களைவிட அவர்களுக்கு வலி கூடுதலாகக் குறையவில்லை. குரங்கின் வயிற்றில் பலித்தது பெண்ணின் வலியில் பலிக்கவில்லை.

ஊசிக்குப் பின்னால் இருந்தவை

அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்தது. வயிற்றில் மூன்று சிறு துளைகள் மட்டும்தான். கட்டியை எடுத்துவிட்டார்கள். நோய் திரும்பாமல் இருக்கச் சில மாதங்களுக்கு ஓர் ஊசி போடலாம் என்றார் மருத்துவர். சினைப்பையைத் தற்காலிகமாகத் தூங்க வைக்கும் ஊசி. உடல் சூடேறும், எலும்பு கொஞ்சம் பலவீனமாகும், அதனால் நீண்ட நாள் போடக்கூடாது என்றும் விளக்கினார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள்: "இதையும் குரங்குகிட்டதான் கண்டுபிடிச்சாங்களா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. ஆமாம்.

அந்த ஊசியின் கதை மூளையில் தொடங்குகிறது. சினைப்பையை இயக்கும் ஹார்மோனுக்கு மூளையின் அடிப்பகுதியிலிருந்து கட்டளை வருகிறது. அந்தக் கட்டளைப் பொருளைப் பிரித்தெடுக்க ஆண்ட்ரூ ஷாலி லட்சத்துக்கும் அதிகமான பன்றிகளின் மூளைத் துணுக்குகளைப் பயன்படுத்தினார். அவருக்குப் போட்டியாக ரோஜர் கில்லெமின் ஆடுகளின் மூளையில் தேடினார். எல்லாம் இறைச்சிக் கூடங்களிலிருந்து வந்தவை. இருவரும் 1977-ல் மருத்துவ நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள்.

அடுத்த ஆண்டு, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் எர்ன்ஸ்ட் நோபில் குழுவினர் ரீசஸ் குரங்குகளிடம் ஒன்றைக் காட்டினார்கள். கட்டளைப் பொருளை மணிக்கு ஒருமுறை சொட்டுச் சொட்டாகக் கொடுத்தால் சுழற்சி ஒழுங்காக நடக்கிறது. இடைவிடாமல் கொடுத்தால் எல்லாம் அடங்கிப்போகிறது. கதவை ஓயாமல் தட்டினால் உள்ளே இருப்பவர் காது கொடுக்காமல் போவாரே, அந்த மாதிரி. இதே தத்துவத்தில் 1982-ல் எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்களிடம் இவ்வகை மருந்தைச் சோதித்தார்கள். என் தங்கை மகளுக்கு எழுதிக் கொடுத்த ஊசி அந்த வழி வந்ததுதான்.

இந்த ரீசஸ் குரங்குகள் இந்தியாவிலிருந்து ஆயிரக்கணக்கில் ஏற்றுமதியானவை. நோபிலின் ஆய்வு வெளியான அதே 1978-ல் இந்தியா அந்த ஏற்றுமதியை நிறுத்தியது. மருத்துவ ஆய்வுக்கு என்று வாங்கிப்போன குரங்குகள் அமெரிக்க இராணுவத்தின் கதிர்வீச்சுச் சோதனைகளில் பயன்பட்டது வெளியே வந்ததுதான் காரணம்.

நம் நாட்டுக்கும் இதில் கதை உண்டு. நீண்டவால் குரங்குகளை ஏற்றுமதி செய்ய 1984-லிருந்து இருந்த தடையை 2007-ல் அரசாங்கம் நீக்கியது. நகரங்களில் தொல்லை தரும் குரங்குகளைக் குறைக்கலாம் என்றார்கள். எதிர்ப்பு எழுந்தது. 2008-ல் தடை திரும்ப வந்தது. 2010-ல் மலாக்காவில் ஓர் இந்திய நிறுவனத்தோடு சேர்ந்து விலங்குச் சோதனைக் கூடம் அமைக்கும் திட்டத்துக்கும் விலங்குநல அமைப்புகள் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தன. பிறகு வந்த விலங்கு நலச் சட்டம் 2015-ன்படி, ஆய்வுக்கு விலங்குகளைப் பயன்படுத்த உரிமம் பெற வேண்டும்.

அவள் எடுத்த முடிவு

"கோழிகூட வேணாம்னு சொல்ற நான், குரங்கைக் கீறிப் பார்த்த மருந்தை எப்படி உடம்புல ஏத்திக்கிறது?" என்று இரண்டு நாள் யோசித்தாள். என் தங்கைக்குக் கோபம். "உன் உயிரைவிடக் குரங்கு பெருசா?" என்று சத்தம் போட்டாள். எனக்கு அந்த வேகம் வரவில்லை. பதின்மூன்று ஆண்டுகள் அவள் வலியை ஒரு வார்த்தையில் தள்ளிவிட்டவள் நான். அவள் மனச்சங்கடத்தையும் அதேபோலத் தள்ளிவிட எனக்கு வாய் வரவில்லை.

வேறு வழிகளும் திறக்கின்றன என்று மட்டும் சொன்னேன். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் லிண்டா கிரிஃபித் என்ற பொறியியலாளர் இருக்கிறார். 1990-களில் முதுகில் காது வடிவக் குருத்தெலும்பு வளர்ந்த எலியின் படம் உலகமெங்கும் பரவியதே, நினைவிருக்கிறதா? அந்தக் குழுவில் இருந்தவர். அவருக்கும் இளம் வயதிலிருந்து எண்டோமெட்ரியோசிஸ். பலமுறை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். 2009-ல் அவர் எம்.ஐ.டி.யில் பெண்நோய் ஆய்வு மையம் ஒன்றைத் தொடங்கினார். அங்கே நோயாளிகள் தானமாகத் தந்த திசுவிலிருந்து கருப்பைச் சவ்வின் குட்டி மாதிரிகளை வளர்த்து மருந்துகளைச் சோதிக்க முயல்கிறார்கள். மனிதரின் நோயை மனிதரின் திசுவிலேயே பார்ப்பது.

சட்டமும் மாறி வருகிறது. மனிதச் சோதனைக்கு முன் விலங்குச் சோதனை கட்டாயம் என்ற விதியை அமெரிக்கா 2022 டிசம்பரில் தளர்த்தியது. ஏ.எம்.ஒய்.109 போன்ற எதிர்ப்பொருள் மருந்துகளுக்கு விலங்குச் சோதனையைப் படிப்படியாகக் குறைக்கப்போவதாக அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 ஏப்ரலில் அறிவித்தது. ஆனால் தட்டில் வளரும் திசுவுக்கு ஈரலும் இல்லை, சிறுநீரகமும் இல்லை. ஒரு மருந்து உடல் முழுவதையும் என்ன செய்யும் என்று அது இன்னும் முழுதாகச் சொல்லாது. விலங்குகள் நாளைக்கே விடுதலையாகிவிடும் என்று நான் அவளுக்குப் பொய் நம்பிக்கை தரவில்லை.

மூன்றாம் நாள் அவள் ஊசி போட்டுக்கொள்வதாகச் சொன்னாள். "அதுங்க பட்டது பட்டாச்சு. நான் வேணாம்னு சொன்னா அது வீணாத்தான் போகும்" என்றாள். மருத்துவரிடம் போனபோது அவள் முதலில் கேட்ட கேள்வி எனக்கு நினைவிருக்கிறது: "டாக்டர், இன்னொரு தடவை ஆபரேஷன் செய்யவேண்டி வந்தா, எடுக்கிற திசுவை ஆராய்ச்சிக்குக் கொடுக்க முடியுமா?" அவர் கண்ணாடியைக் கழற்றி அவளை ஒருமுறை பார்த்தார். ஒப்புதல் கடிதம் எழுதிக் கொடுத்தால் அதற்கு வழி இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்கிறேன் என்றார்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் மாதம் இரண்டு நாள் பள்ளிக்குப் போகாத பெண்பிள்ளை இருக்கலாம். வலி பள்ளியையும் வேலையையும் தடுக்கிறது என்றால் அது "எல்லாருக்கும் வர்றது" அல்ல. எந்த நாள், எந்த இடத்தில், எவ்வளவு வலி, மலம் கழிக்கும்போது வலிக்கிறதா என்று மூன்று மாதம் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அதை எடுத்துக்கொண்டு அரசாங்கச் சுகாதார கிளினிக்குக்குப் போய், மகப்பேறு நிபுணரைப் பார்க்கப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். ஒருமுறை ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. திருமணமும் பிள்ளையும் இதற்கு மருந்து அல்ல.

எலியிடம் வலி எவ்வளவு என்று கேட்க முடியாது. குரங்கிடமும் கேட்க முடியாது. நம் பிள்ளைகளிடம் கேட்கலாம்.

போன வாரம் மீண்டும் பத்துமலைக்குப் போனோம். இந்த முறை அவள் நிற்காமல் ஏறினாள். நான்தான் நடுவில் நின்றேன். குரங்குகளுக்குத் தீனி போடக்கூடாது, அது அவற்றுக்கே கெடுதல் என்று அவள் அர்ச்சனைப் பையைத் துப்பட்டாவுக்குள் மறைத்து வைத்திருந்தாள். குட்டியோடு ஒன்று கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து எங்களைப் பார்த்தது. அதே குரங்குதானா, தெரியாது. அவள் அதைப் பார்த்துக் கை கூப்பினாள். நான் இந்த முறை அதட்டவில்லை.